ஐந்தாவது மீன்

மண்டகப்பட்டுக் குடைவரையின் முன்மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது தொடங்கிய விவாதம் இது. சென்ற கார்த்திகையில் நடந்தது. நம்முடன் முதுகலைத் தமிழ் பயின்று, பின்னர் கணிப்பொறிக்குத் தாவி, இன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் வாழும் நண்பர் விடுமுறையில் வந்திருந்தார். செஞ்சிக் கோட்டையைப் பார்த்துவிட்டு விழுப்புரம் திரும்பும் வழியில், மகேந்திரவர்மனின் குடைவரையைக் காட்டாமல் அனுப்பலாகாது என்று அழைத்துச் சென்றிருந்தோம். உடன் வந்தவர் இருவர். ஒருவர் கவிஞர், மற்றவர் ஆய்வு மாணவர். செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணச் சாந்தும் இன்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக, விசித்திரசித்தன் என்னும் விருதுப்பெயரில் அம்மன்னன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடமொழியில் வெட்டிவைத்த கல்வெட்டை நாம் விளக்கிக்கொண்டிருந்தோம். நண்பர் இடைமறித்தார்.

"எங்க கயாக்கும் அப்படித்தான் மச்சான். எஞ்சின் கெடையாது, டீசல் கெடையாது, கூட ஆள் கெடையாது."

அதன்பின் பேச்சு கல்வெட்டுக்குத் திரும்பவேயில்லை.

அறியாதவர்க்காகச் சில வரிகள். கயாக் என்பது ஒருவர் அமர்ந்து இருபுறமும் துடுப்புப் போட்டுச் செல்லும் ஒடுங்கிய சிறு படகு. ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் சீல் தோலை எலும்புச் சட்டத்தின்மேல் இழுத்துத் தைத்து, வேட்டைக்காகச் செய்துகொண்டது. இன்று பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். பாஸ் என்பது வட அமெரிக்க நன்னீர் மீன். நம் கொடுவாவை ஏற்றுமதி வணிகர் கடல் பாஸ் என்று எழுதினாலும், உறவு பெயரளவில்தான். கயாக்கில் இருந்தபடி பாஸ் பிடிக்கும் போட்டிகள் அங்கே சிற்றூர் ஏரிகளிலும் நடக்கின்றன. விடியலில் இறங்கி, குறித்த நேரத்துக்குள், பிடித்த மீனை அளவுப்பலகையில் கிடத்திப் புகைப்படம் எடுத்துவிட்டு நீரிலேயே விட்டுவிட வேண்டும். மிக நீளமான ஐந்து மீன்களின் நீளத்தைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை அதிகமானவருக்குப் பரிசு.

நண்பரின் கதை இந்த ஐந்து என்ற எண்ணைச் சுற்றியே அமைந்தது. ஒரு மார்ச் மாதம். டென்னசி ஆற்றின் தேக்கங்களில் ஒன்று. பனிக்காலம் முடிந்தும் குளிர் விடாத தண்ணீர். முற்பகலுக்குள் நான்கு மீன் கிடைத்துவிட்டது. நண்பகலில் காற்று எழுந்து அலைகளின் தலை வெளுத்தது. ஏனையோர் பலர் கரையோரக் குடாக்களுக்குள் ஒதுங்கினர். நண்பருக்கு இன்னும் ஒன்று வேண்டும். எதிர்க்கரையின் முனையில் நிச்சயம் இருக்கும் என்று நடுநீரைக் குறுக்கே கடந்தார். பக்கவாட்டில் வந்த அலையில் படகு கவிழ்ந்தது. பத்து நிமிடம் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தவரை இன்னொரு போட்டியாளர் வந்து இழுத்துக் கரை சேர்த்தார். தூண்டில்கள் இரண்டு போயின. உடை மாற்றிக்கொண்டு, மிஞ்சிய தூண்டிலுடன் மறுபடியும் இறங்கி, ஐந்தாவது மீனைப் பிடித்தே விட்டார் நண்பர். பதினொன்றாம் இடம்.

கவிஞர் எழுந்து அவரைத் தழுவிக்கொண்டார். "இதுதான் நெய்தல், இதுதான் மறம்" என்றார். ஆய்வு மாணவரோ சங்க இலக்கியத்தில் மீன்பிடித்தலை வீரவிளையாட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதலாம் என்று அப்போதே தலைப்பு யோசிக்கத் தொடங்கினார். அந்த உற்சாகத்தில் நண்பர் தம் திட்டத்தைச் சொன்னார். வரும் ஐப்பசி, கார்த்திகையில், ஏரிகள் நிரம்பித் ததும்பும்போது, இதே பகுதியில் ஒரு கயாக் மீன்பிடிப் போட்டி. படகுகளை அவர் தருவிப்பார். பரிசுப் பணமும் அவருடையது. சங்கப் பெருமையோடு ஒரு துண்டறிக்கையை நாம் எழுதித் தரவேண்டும். கல்லூரியிலிருந்து நாற்பது மாணவர்களையும் திரட்டித் தரவேண்டும்.

நாம் மறுத்தோம். அன்று மழை இரைச்சலில் காரணங்களைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. "வாத்தியார் பயம்" என்று மூவரும் சிரித்தனர். பயம்தான். அதைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறோம்.

முதலில் நம் இலக்கிய நண்பர்களுக்கு. கரையில் நின்று கடலோடியைப் பாடும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் ஆபத்தில் இறங்கினாலும் உடனே சங்கப் பாட்டொன்றை எடுத்துப் போர்த்திவிடுவோம். அந்தப் பாட்டு உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்பதில்லை. குறுந்தொகையில் ஒரு நெய்தற் பாட்டு இருக்கிறது. தலைவியின் தந்தையைச் சுறா தாக்கிவிடுகிறது. அந்தப் புண் ஆறிய பிறகு அவன் மீண்டும் நீலக் கடலுக்குள் போயிருக்கிறான் என்கிறாள் மகள்; தாயும் உப்பைக் கொடுத்து நெல் மாற்றி வரப் போய்விட்டாள். வீட்டில் யாரும் இல்லை, தலைவனிடம் போய்ச் சொல் என்பதற்காக அவள் சொல்வது இது. அது ஒருபுறமிருக்க, புண் ஆறும்வரை அந்தப் பரதவன் கரையில் காத்திருந்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? சுறாவைச் சொல்வோம், கடலைச் சொல்வோம். அவன் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களைச் சொல்லமாட்டோம். நம் ஆய்வு மாணவர் எழுதப்போகும் கட்டுரையிலும் அந்த நாட்கள் வரப்போவதில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

பெரும்பாணாற்றுப்படையில் தூண்டிலே வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் பாண்மகன் மூங்கில் கழியில் கயிறு கட்டி, வளைந்த முள்ளில் இரையைப் பொதிந்து விடுகிறான். ஒரு வாளை இரையைக் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. பின்பு அம்மீன் நீரோரத்துப் பிரம்பின் ஆடும் நிழலைக் கண்டாலே வெருவுகிறது. எவ்வளவு நுட்பமான கவனிப்பு! பிடித்தவன் பெருமையைப் பாடாமல், தப்பிய மீன் கற்றுக்கொண்டதைப் புலவர் பாடியிருக்கிறார். ஒருமுறை கவிழ்ந்த நீரில் உடை மாற்றிக்கொண்டு மறுபடி இறங்கிய நம் நண்பரையும் அந்த வாளையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி ஆய்வு மாணவரைக் கேட்டுக்கொள்கிறோம்.

பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறவன் எப்போதும் பத்திரமாகத் திரும்பிவிடுகிறான் என்று சொல்லவரவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் குமரிக் கரையும் கேரளக் கரையும் இழந்தவர்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில். அவர்களில் பெரும்பாலோர் எச்சரிக்கை வருமுன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள். தெரிந்திருந்தால் திரும்பியிருப்பார்கள் என்பதுதான் அந்தக் கரைகளின் ஆறாத கோபம். எவரும் அதை வீரமரணம் என்று சொல்லி ஆறுதல் கொள்ளவில்லை. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தபோது நாமெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு படித்தோம். கடலைப் பற்றிய மரியாதை கலந்த அச்சம் அந்தக் கரையின் அன்றாட அறிவு என்பதை அதிலிருந்தாவது எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் கவிதைக்காக வைக்கவில்லை. எந்தக் காற்றில் போகலாம், எதில் திரும்பவேண்டும் என்பதற்காக வைத்தார்கள். கட்டுமரத்தையே எடுத்துக்கொள்வோம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையில் அதைக் கண்ட வில்லியம் டாம்பியர் தம் பயண நூலில் எழுதினார். ஆங்கிலத்துக்குச் சொல்லும் போயிற்று. மரங்களைச் சேர்த்துக் கட்டியது. உள்ளே நீர் தேங்காது. அலை மேலேறினாலும் இடுக்குகளில் வடிந்துவிடும். இன்று தூண்டிற்காரர்கள் விரும்பும், மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கிலும் துளைகள் வழியே நீர் வடிவது இதே தத்துவம்தான். நண்பர் இதைக் கேட்டதும் மகிழ்ந்துபோனார். துண்டறிக்கையில் இதையும் சேர்க்கச் சொன்னார்! படகு ஒன்றுதான். ஆனால் கட்டுமரத்தில் போனவனின் கையில் ஐந்து என்ற எண் இல்லை. வலையில் வந்ததை எடுத்துக்கொண்டு, காற்று மாறினால் பாதியில் திரும்பினான். குறைவாகக் கொண்டுவந்தான், அவ்வளவே. அரைக்கூடை மீனோடு கரையேறியவனைத் தோற்றவன் என்று எந்தக் குப்பத்திலும் சொல்வதில்லை.

நம் எதிர்ப்பு முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது. தூண்டிலை நாம் எதிர்க்கவில்லை, கயாக்கை எதிர்க்கவில்லை, போட்டியையும் எதிர்க்கவில்லை. எஞ்சின் இரைச்சல் இல்லாத, பெரும் பணக்காரர் அல்லாதவரும் இறங்கக்கூடிய, மீனை உயிரோடு விட்டுவிடும் விளையாட்டு என்ற அளவில் அதில் மதிக்கத்தக்கவை உண்டு. ஆனால் பரிசு என்பது நீரின்மேல் ஓர் எண்ணை மிதக்கவிடுகிறது. அந்த எண் நிரம்பாதவரை திரும்புவது தோல்வியாகிறது. காற்றைப் பார்க்க வேண்டிய கண் எண்ணைப் பார்க்கிறது. நான்கு மீனோடு குடாவுக்குள் ஒதுங்கியவர்களைப் பற்றி நண்பர் சொன்ன ஒரே வார்த்தை "விட்டுட்டானுங்க" என்பது. நீர் அறிந்தவர்கள் அன்று அங்கே யாராவது இருந்திருந்தால், அது அவர்களே.

பரிசு மனிதரை என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று உண்டு. 2022 செப்டம்பரில் ஈரி ஏரிப் போட்டி ஒன்றில் எடை கூட்டுவதற்காக மீன் வயிற்றுக்குள் ஈயக் குண்டுகளைத் திணித்தவர்கள் பிடிபட்டனர், சிறைக்கும் போனார்கள். அது பேராசையின் கதை, நம் நண்பருடையது அப்படியன்று. ஆயினும் இரண்டும் ஒரே தராசில் தொங்குபவைதாம்.

இதில் ஒரு வேடிக்கை. இன்றைய பாஸ் போட்டிகளின் தந்தை என்று போற்றப்படும் ரே ஸ்காட் அலபாமாவைச் சேர்ந்த காப்பீட்டு முகவர். 1967 மார்ச்சில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சனில் மீன்பிடிக்கப் போனார். மழை கொட்டியது. விடுதி அறைக்குத் திரும்பிவிட்டார். தொலைக்காட்சியில் கூடைப்பந்து ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் மீன்பிடித்தலையும் இப்படி நடத்தினால் என்ன என்று தோன்றியதாம். அவ்வாண்டு ஜூனில் ஆர்க்கன்சாவின் பீவர் ஏரியில் 106 பேரோடு முதல் போட்டியை நடத்தினார். மீனை உயிரோடு விடும் வழக்கத்தை 1972இல் போட்டிகளுக்குள் கொண்டுவந்தவரும் அவரே. ஆக, இந்த விளையாட்டு முழுவதுமே ஒருவர் மழைக்குப் பயந்து அறைக்குத் திரும்பியதால் பிறந்தது. நண்பரிடம் இதைச் சொன்னோம். தெரியும் என்றார். தெரிந்துமா?

உயிர்காப்பு அங்கி கட்டாயம், வானிலை மோசமானால் போட்டியை நிறுத்தும் உரிமை நடத்துபவருக்கு உண்டு, எல்லாம் அங்கே ஒழுங்காக இருக்கிறது என்பது நண்பரின் வாதம். அங்கி விஷயத்தில் அவர் சொல்வது முற்றிலும் சரி. படகு விபத்துகளில் மூழ்கி இறப்போரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அங்கி அணியாதவர்கள் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்கு ஆண்டுதோறும் சொல்கிறது. அங்கி இல்லாதிருந்தால் நண்பர் அன்று குடைவரையில் நின்றிருக்கமாட்டார். ஆனால் அங்கி கழுத்தைத்தான் நீருக்கு மேலே வைத்திருக்கும். போகாதே என்று சொல்லாது. 1998 டிசம்பரில் சிட்னியிலிருந்து ஹோபார்ட்டுக்குப் பாய்மரப் பந்தயம் புறப்பட்டபோது ஒழுங்குக்குக் குறைவில்லை. புயலில் ஆறு மாலுமிகள் இறந்தனர். புறப்பட்ட 115 படகுகளில் 44 மட்டுமே ஹோபார்ட்டை அடைந்தன. அந்த 44ஐப் பற்றி மட்டும் பேசுவதா? நடுவழியில் துறைமுகங்களுக்குத் திரும்பி ஆட்களை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிய தலைவர்களுக்குத்தான் நம் பாராட்டு. பக்கத்திலேயே பார்ப்போமே. ஆலப்புழையின் நேரு கோப்பைப் படகுப் பந்தயம் 2018 வெள்ளத்தின்போது ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. குட்டநாட்டுத் துடுப்புக்காரரை அதற்காக யாரும் கோழை என்று ஏசவில்லை.

இனி நம் ஏரிகளுக்கு வருவோம். நண்பருக்குத் தேவைப்படுவது நிரம்பித் ததும்பும் ஏரி. புகைப்படத்துக்கு அதுதான் அழகு. ஆனால் இப்பகுதியில் ஏரி நிரம்புவது என்றால் என்ன என்பதை 2024இல் பார்த்தோம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. அடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை ஊர்களுக்குள் புகுந்தது. ததும்பும் ஏரியில் கலங்கல் எந்நேரமும் வழியும். அதன் இழுப்பில் சிக்கிய படகைத் துடுப்பால் நிறுத்த முடியாது. மதகின் வாயருகே சுழி. கோடையில் சவுடு அள்ளிய பள்ளங்கள் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே இரண்டாள் ஆழம். நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் வேலிகாத்தான் முள் காலையும் அங்கியின் வாரையும் பற்றினால் விடாது. டென்னசித் தேக்கத்தின் அடித்தளத்துக்கு வரைபடம் உண்டு. கையிலுள்ள கருவியில் பார்த்துக்கொள்ளலாம். நம் ஏரியின் அடித்தளத்தை நேற்று வந்த மண்வாரி எந்திரம்தான் அறியும்.

நண்பர் கேட்ட நாற்பது மாணவர்களில் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று மறுநாள் வகுப்பில் கேட்டோம். முதலில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. பரிசுப் பணம் பற்றிய செய்தி நமக்கு முன்பே வகுப்புக்குள் போய்விட்டிருந்தது. கிணற்றில் குதித்துக் குளிப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஏரியை ஒரு கரையிலிருந்து மறுகரை நீந்தியவர் மட்டும் என்றதும் மூன்று கைகள் மிஞ்சின. விடுமுறை நாளில் ஏரிக்கோ கல்குவாரிக் குட்டைக்கோ குளிக்கப்போய்த் திரும்பாத மாணவர்களின் செய்தி ஆண்டு தவறாமல் நாளிதழ்களில் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு வீட்டுத் திண்ணையில் நாமும் உட்கார்ந்திருந்தோம். அந்தத் தாய், "சார், நீங்க சொல்லியிருந்தா கேட்டிருப்பான் சார்" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை. சங்கப் பெருமையோடு துண்டறிக்கை எழுதச் சொன்னபோது நமக்கு நினைவுக்கு வந்தது அந்தத் திண்ணைதான்.

மீனைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நம் ஏரிகளில் தூண்டிற்போட்டிக்குத் தகுந்த மீன் விரால். அது குஞ்சு பொரித்துக் காக்கும் பருவம் மழைக்காலத்தை ஒட்டியது. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொப்பளிக்கும். தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும். செயற்கை இரை போடுவோர் அந்தக் கூட்டத்தின் நடுவில் வீசுவார்கள். பசியால் அன்றி, குஞ்சைக் காக்கும் சினத்தால் விரால் பாய்ந்து கவ்வும். புகைப்படம் எடுத்து, அளந்து, திருப்பி விடுவதற்குள் கெண்டையும் கெளுத்தியும் குஞ்சுகளைத் தின்று முடித்திருக்கும். வசந்தகாலத்தில் கூடு காக்கும் ஆண் பாஸுக்கும் இதே நிலைதான் என்பது நண்பருக்குத் தெரியாததன்று.

போட்டி போட்டுக்கொண்டு மீன் பிடிப்பது தமிழருக்குப் புதிதா என்று கவிஞர் கேட்டார். புதிதில்லை. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் அழிகண்மாய் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீச, சுற்றுவட்டார ஊர்களெல்லாம் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகக் கண்மாய்க்குள் இறங்கும். யாருக்கு எவ்வளவு என்ற போட்டி அங்கும் உண்டு, சிரிப்பும் கூச்சலும் உண்டு. ஆனால் எப்போது? மாசிக்கு மேல், நீர் வற்றி இடுப்புக்கும் முழங்காலுக்கும் இறங்கிய பிறகு. குத்தகையை ஒதுக்கிவைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் அன்று பிடிக்கலாம். அறுபது வயதுப் பாட்டியும் இறங்கலாம், பத்து வயதுப் பேத்தியும் இறங்கலாம். எல்லார் வீட்டிலும் அன்று குழம்பு கொதிக்கும். போட்டிக்கு நாள் குறிப்பதை நீரிடம் விட்டுவிட்ட மக்கள் அவர்கள். நண்பர் இதைப் போல ஒன்றை இப்பக்கம் நடத்துவதானால் துண்டறிக்கை மட்டுமன்று, சுவரொட்டியும் நாமே ஒட்டுகிறோம்.

ஏரிகளின் நடைமுறை இன்னொன்றையும் அவர் அறிந்திருக்கவில்லை. மீன்பாசி குத்தகை எடுத்தவர் இருக்கிறார். கரையோரத்து இருளர் குடும்பத்துச் சிறுவன் ஒரு தூண்டிலைப் போட்டால் விரட்டப்படுகிற ஏரியில், பரிசுத்தொகையோடு வருகிற கயாக்குக்கு மாலை மரியாதை கிடைக்கும். இதை வேறொரு கட்டுரையில்தான் எழுதவேண்டும்.

அன்று மழை சற்று விட்டதும் குடைவரையிலிருந்து இறங்கினோம். வழியில் ஓர் ஏரிக்கரையில் நண்பர் காரை நிறுத்தச் சொன்னார். எந்த இடத்தில் படகுகளை இறக்கலாம் என்று கைகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார். மதகுப் பக்கமிருந்து மண்வெட்டியோடு வந்த நீர்க்கட்டி, வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "காத்து திரும்பிடுச்சு சார், கரைய உட்டு எறங்கிடுங்க" என்றார். நண்பர் இன்னும் ஐந்து நிமிடம் என்றார். அவர் பதில் சொல்லாமல் நடந்து போய்விட்டார். நாங்கள் கார்க் கதவைச் சாத்துவதற்குள் மழை சுவர்போல் வந்து நின்றது.

விழுப்புரம் வரும்வரை காரில் ஒருவரும் பேசவில்லை. புகைவண்டி நிலையத்தில் விடைபெறும்போது நண்பரிடம் ஒன்று கேட்டோம். உம்மை இழுத்துக் கரை சேர்த்தாரே, அவர் அன்று எத்தனை மீன் பிடித்திருந்தார்? தம் போட்டி நேரத்தில் எவ்வளவை உமக்காக இழந்தார்? எந்த இடத்தில் வந்தார்?

நண்பர் யோசித்தார். அவர் பெயர்கூடச் சரியாக நினைவில்லை என்றார். ஊருக்குப் போய் விசாரித்து மின்னஞ்சல் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.